உங்க கார் பாலிசியில ரெண்டு தேதி ஏன் இருக்கு?

கடந்த சில வருஷங்கள்ல புது கார் வாங்கியிருந்தா, ஷோரூம்ல கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து பாருங்க. ஓன் டேமேஜ், அதாவது நம்ம காருக்கு வர்ற சேதத்துக்கான கவர், ஒரு வருஷத்துல முடியும். தேர்ட் பார்ட்டி கவர் மூணு வருஷம் ஓடும். ஒரே பாலிசிக்கு ஏன் ரெண்டு முடிவு தேதி? "கம்பெனியை எப்ப மாத்தலாம்?"ங்கிற கேள்விக்குப் பதிலும் இந்த இடத்துலதான் இருக்கு. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

இந்தியாவோட மோட்டார் வாகனச் சட்டம் 1939-ல வந்தது. ஆனா அதுல இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குற அத்தியாயம் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். அந்தக் கட்டாயம் நம்ம காருக்காக இல்ல, நம்ம கார் யார் மேல மோதுதோ அவங்களுக்காக. இன்னைக்கும் சட்டம் கேட்கிறது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். ஓன் டேமேஜ் எடுக்கிறதும் விடுறதும் நம்ம இஷ்டம்.

அடுத்து 1973. பொதுக் காப்பீடு தேசியமயமாகி, 107 நிறுவனங்கள் நாலு அரசு நிறுவனங்களுக்குள்ள அடங்கின. அதுல ஒண்ணான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. மோட்டார் பிரீமியத்துக்கு டாரிஃப்னு ஒரே விலைப்பட்டியல். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அதே விலை, அதே விதி. அப்போ கம்பெனி மாத்துறதுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்? நம்ம அப்பாக்கள் ஒரே ஏஜென்ட்கிட்ட இருபது வருஷம் இருந்ததை விசுவாசம்னு நினைச்சுக்கிறோம். எனக்கு அது பாதி கணக்குன்னுதான் தோணுது.

2000-க்கு அப்புறம் தனியார் கம்பெனிகள் வந்தும் விலைப்பட்டியல் மாறல. 2007 ஜனவரி 1-லதான் ஓன் டேமேஜ் விலை கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. தேர்ட் பார்ட்டி விலையை மட்டும் அரசுத் தரப்பு தன் கையிலயே வச்சுக்கிட்டது. அதனால ஆன்லைன்ல பத்து கம்பெனியை ஒப்பிடும்போது தேர்ட் பார்ட்டி வரியைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க. அது எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். வித்தியாசம் ஓன் டேமேஜ்லயும் ஆட்-ஆன்லயும்தான்.

சரி, மூணு வருஷம் எங்கிருந்து வந்தது? கோயம்புத்தூர்ல இருந்து! அங்க எலும்பு முறிவு சிகிச்சை நிபுணரா இருக்கிற டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல உச்ச நீதிமன்றத்துல ஒரு பொதுநல மனு போட்டார். வண்டி வாங்கும்போது இன்சூரன்ஸ் எடுக்கிறவங்க அப்புறம் ரினியூ பண்றதில்ல, விபத்துல சிக்கினவங்களுக்கு இழப்பீடு கிடைக்கிறதில்லங்கிற பிரச்சினையும் அந்த வழக்குல வந்தது. 2018 ஜூலையில நீதிமன்றம் உத்தரவு போட்டது: செப்டம்பர் 1-லிருந்து புது காருக்கு மூணு வருஷம், புது டூ-வீலருக்கு அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டி கட்டாயம். அடுத்த வருஷம், 2019 செப்டம்பர்ல, ஓன் டேமேஜைத் தனி பாலிசியா வாங்கலாம்னு ஒழுங்குமுறை ஆணையம் வழி பண்ணிச்சு.

ஆக, ரெண்டாவது வருஷமே ஓன் டேமேஜை மட்டும் வேற கம்பெனிக்கு மாத்தலாம். தேர்ட் பார்ட்டி பழைய இடத்துலயே ஓடட்டும். இதுல ஒரு குழி இருக்கு. வருஷா வருஷம் ஓன் டேமேஜுக்குப் பணம் கட்டுறதால, மூணாவது வருஷக் கடைசியில தேர்ட் பார்ட்டி முடியறது கண்ணுல படாது. போலீஸ்கிட்ட மாட்டினா முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிசு, அந்த நேரத்துல யாராவது அடிபட்டா இழப்பீடு மொத்தமும் நம்ம தலையில விழறது. ரெண்டு தேதியையும் தனித்தனியா காலண்டர்ல போட்டு வைங்க.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். 1988 சட்டத்தோட 157-வது பிரிவுப்படி, கார் கைமாறும்போது தேர்ட் பார்ட்டி தானா கூடவே வரும். ஓன் டேமேஜ் அப்படி வராது. உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்குல இதையே சொல்லியிருக்கு. 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தக் கேட்டு கம்பெனிக்கு எழுதணும். ஆர்.சி. மாறிடுச்சு, பாலிசி அப்புறம் பார்க்கலாம்னு விட்டு, நடுவுல கார் நொறுங்கினா க்ளெய்ம் கிடைக்காம போகலாம்.

ரினியூவல் நேரத்துல விலையை மட்டும் பார்த்து மாத்தினா ஆட்-ஆன் காணாம போகும். 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கினப்போ பல பேருக்கு இது வலிச்சது. வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலயே உண்டு. ஆனா தண்ணியில நிக்கிற காரை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, அதுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் தனியா வேணும். வேளச்சேரியில பேஸ்மென்ட் பார்க்கிங்னா எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை விடாதீங்க.

கடைசியா நோ க்ளெய்ம் போனஸ். முதல் வருஷம் 20 சதவீதம். க்ளெய்மே பண்ணாம அஞ்சு வருஷம் ஓட்டினா 50. இது காரோட சொத்து இல்ல, உங்க சொத்து. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். பாலிசி முடிஞ்சு 90 நாள் தாண்டிட்டா போச்சு. காரை விக்கிறீங்கன்னா பழைய கம்பெனிகிட்ட போனஸுக்கு ஒரு லெட்டர் கேட்டு வாங்குங்க. அடுத்த கார் வாங்க மூணு வருஷம் வரைக்கும் அது செல்லும்.