இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை
ஜே.ஆர்.எஃப். எனப்படும் இது, இந்தியாவில் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழி கிடைக்கும் மாத நிதி. 2018 டிசம்பர் முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) நெட் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது; அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தனி. 2023 ஜனவரி முதல் தொகை 37,000 ரூபாய். ஈராண்டுக்குப் பின் மதிப்பீட்டில் தேறினால் முதுநிலை ஆய்வாளராக 42,000. வீட்டு வாடகைப்படி வேறு.

தேர்ச்சிக் கடிதம் மட்டும் முனைவர் பட்ட ஆய்வில் இடம் வாங்கித் தராது. நெறியாளரிடம் காலியிடம் வேண்டும்: யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களையே ஒரே நேரத்தில் ஏற்கலாம். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே துறையில் விசாரிப்பதுதான் உண்மையான வேலை. நெட் தேறாதோருக்குப் பேராசிரியர்களின் நிதித் திட்டப் பணிகள் மாற்று வழி. அவற்றின் காலம் திட்டத்தோடு முடியும்.