பல்குச்சி சொல்லும் பாடம்

இன்று காலை நீங்கள் பற்பசையும் நைலான் தூரிகையும் கொண்டு பல் துலக்கியிருப்பீர்கள். நைலான் இழைத் தூரிகை 1938-ஆம் ஆண்டில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் என்ன செய்தனர்? ஆலம் விழுதையும் வேலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் மென்றதாக உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்நாட்டுப் பல்குச்சிப் பழக்கத்தை அயல்நாட்டார் ஒருவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அவர் சீனத் துறவி இத்சிங். கி.பி. 671-இல் கடல் வழியே புறப்பட்டு இந்தியா வந்த அவர், நாளந்தாவில் சுமார் பத்தாண்டுகள் தங்கிப் பயின்றார். அவருடைய பயண நூலில் பல்குச்சிக்கென்றே ஓர் இயல் உண்டு. குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளம் இருக்க வேண்டும்; எட்டுக்குக் குறையலாகாது. பருமன் சுண்டுவிரல் அளவு. கசப்பு, துவர்ப்பு, கார்ப்புச் சுவையுள்ள குச்சிகளே சிறந்தவை. பல்லைத் தேய்த்தபின் குச்சியை வளைத்து நாக்கையும் வழிக்க வேண்டும்.

இத்துடன் அவர் வேறொன்றையும் குறித்தார். வாயைத் தூய்மை செய்யாமல் ஒருவர் வணங்கினால், வணங்கியவருக்கும் குற்றம். அவ்வணக்கத்தை ஏற்றவருக்கும் குற்றம்! பயன்படுத்திய குச்சியைக் கழுவி, மறைவான இடத்தில் எறிய வேண்டும். மருத்துவர் சொன்னதை மறந்துவிடலாம். பலர் கூடி வாழும் இடத்தின் முறையை மறக்க முடியுமா?

இதில் அறிவியல் உண்டா? உண்டு. மென்ற குச்சியின் நார், பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் தேய்த்து நீக்குகிறது. மெல்லும்போது உமிழ்நீர் பெருகி வாயிலுள்ள அமிலத்தைத் தணிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் 1986-இல் பல்குச்சிப் பழக்கத்தை ஆதரித்தது.

பல்குச்சியால் இந்தியாவில் பல்வலி மிக அரிது என்று இத்சிங் எண்ணினார். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. சர்க்கரையும் மிட்டாயும் இன்றுபோல் அன்றாட உணவாகாத காலம் அது. வாய்க் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. புளூரைடு பற்பசை அந்த எனாமலை உறுதியாக்கும். இப்பணியைக் குச்சி அவ்வாறு செய்யாது.

பழைய பழக்கம் எல்லாமே நல்லதன்று. செங்கற்பொடி எனாமலைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடி பல்லுக்கு மருந்து என்று நம்பப்பட்டது. தீமை உணரப்பட்டு, 1992-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது.

அப்படியானால் பல்குச்சியின் பாடம் எது? காலையில் பல் துலக்காமல் எவரும் நம் வீட்டில் காப்பி கேட்பதில்லை. ஏன்? பரம்பரை முறை காவல் நிற்கிறது. ஆனால் உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், பல்லுக்குத் தீங்கு மிகுதியாக நேர்வது இரவில்தான். இரவுப் பல் துலக்கலுக்கோ அத்தகைய முறை நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. உங்கள் வீட்டில் அதை இன்றிரவே தொடங்கலாமே!