குழந்தைகளுக்கான மயக்க மருத்துவத்தில் தசைத் தளர்த்தியை முறித்தல் - வரலாறு

அறுவை சிகிச்சைக்காகக் குழந்தையின் தசைகளைத் தளர்த்துவது எளிது. சிகிச்சை முடிந்ததும் மருந்தின் வேகத்தை முறித்து, குழந்தையைத் தானாக மூச்சுவிடச் செய்வதே கடினம்.

தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய குராரே என்னும் நஞ்சே முதல் தசைத் தளர்த்தியாகும். நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசையில் சென்று அமர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தசை செயலிழக்கும், மூச்சும் நிற்கும். இதற்கான முறிவும் மற்றொரு நஞ்சிலிருந்தே கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்ணக் கொடுத்து உண்மையைச் சோதித்த ஒருவகை அவரையில் பைசோஸ்டிக்மின் உள்ளது. அது குராரேயை முறிக்கும் என்பதை 1900-இல் வியன்னாவைச் சேர்ந்த யாக்கோப் பால் நாய்களிடம் கண்டறிந்தார். 1931-இல் அதே வகையைச் சேர்ந்த நியோஸ்டிக்மின் செயற்கையாக உருவாக்கப்பட்டது. இது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் பெருகித் தன் இடத்தை மீட்டுக்கொள்கிறது.

1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியலில் ஹரோல்டு கிரிஃபித், ஈனிட் ஜான்சன் இருவரும் குடல்வால் அறுவையில் குராரேயைப் பயன்படுத்தினர். அதன் பிறகு லிவர்பூல் மருத்துவர்கள், குழந்தை மயக்கவியலில் பெயர்பெற்ற ஜாக்சன் ரீஸ் உட்பட, தளர்த்தி கொடுத்து, கையால் பையை அழுத்தி மூச்சூட்டி, இறுதியில் நியோஸ்டிக்மினால் முறிக்கும் முறையை வளர்த்தனர். அமெரிக்காவில் நிலை வேறு. 1954-இல் பீச்சர், டாட் வெளியிட்ட ஆய்வு, தளர்த்தி பெற்றவர்களில் 370 பேருக்கு ஒருவரும், பெறாதவர்களில் 2,100 பேருக்கு ஒருவரும் மயக்க மருந்து தொடர்பாக இறந்ததாகக் கூறியது. குராரேயே நச்சுத்தன்மை உடையது என்று அவர்கள் கருதினர். லிவர்பூல் தரப்பினர் இதை ஏற்கவில்லை. மூச்சூட்டலும் முறிவும் போதாமையே காரணம் என்ற விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது.

குழந்தைகளிடம் இந்தப் போதாமை பேராபத்து. கைக்குழந்தை, எடைக்கேற்பப் பார்த்தால், பெரியவரைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. சிறிது தளர்ச்சி மிஞ்சினாலும் உடல் நீலம் பாரிக்கும். நியோஸ்டிக்மின் இதயத் துடிப்பையும் குறைக்கும். குழந்தையின் இரத்த ஓட்டமோ பெரிதும் துடிப்பின் வேகத்தையே நம்பியிருக்கிறது. எனவே அட்ரோபின் அல்லது கிளைக்கோபைரோலேட் சேர்த்தே தரப்படுகிறது. மேலும், தளர்ச்சி ஆழமாக இருக்கும்போது நியோஸ்டிக்மின் பலன் தராது.

சுகமாடெக்ஸ் வேறு வழியில் இயங்குகிறது. வளையவடிவச் சர்க்கரை மூலக்கூறான இது, ரோக்குரோனியத்தைத் தன்னுள் அடைத்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் 2008-இல் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 2015-இலும், 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2021-இலும் அனுமதி கிடைத்தது. அட்ராகூரியத்தை இது முறிக்காது. அங்கே இன்றும் நியோஸ்டிக்மினே கைகொடுக்கிறது.