ஊராரைக் கேட்டல்: பாண்டிநாட்டுச் சரித்திரம்

தெருவிற்குக் குழாய்நீர் கொணர்வதாயினும் சாக்கடை வெட்டுவதாயினும், அவ்விடத்துக் குடிகளைக் கேட்டுச் செய்தல் வேண்டுமென்பது இக்காலத்துப் புதுக்கொள்கையென நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். நம் பாண்டிநாட்டுச் சாசனங்களை நோக்குமிடத்து, அவ்வெண்ணம் பிழையென்பது புலனாகும். ஆயின் யாரைக் கேட்டனர் என்பதையும் நாம் உடன் நோக்கவேண்டும்.

திருநெல்வேலியை அடுத்த மானூரில், அம்பலநாதர் கோயிலில், மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அஃது ஏறக்குறைய கி.பி. 800-இல் பொறிக்கப்பெற்றது. அவ்வூர் மகாசபையார் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்குகளை அது கூறும். சபையிற் பேசுவோர் ஊரிற் பங்குடையராயும், வேதத்துடன் ஒரு தர்மநூலேனும் கற்றவராயும், நல்லொழுக்கமுடையராயும் இருத்தல் வேண்டும். ஒரு பங்கிற்கு ஒருவரே சபையிலிருக்கலாம். விலையாலும் தானத்தாலும் ஸ்திரீதனத்தாலும் பங்கு பெற்றோர்க்குக் கால், அரை, முக்கால் என்னும் துண்டுப் பங்குகளின்மேல் இடமில்லை. எடுத்த காரியத்திற்கெல்லாம் ‘அன்று, அன்று’ எனக் கூறித் தடை செய்வாரும், அவர்க்குத் துணைநிற்பாரும், தனித்தனியே ஐந்து காசு தண்டமிறுத்தல் வேண்டும். இவ்விதி நம் சங்கத்திலிருந்திருக்குமாயின், பொருளாளர்க்கு ஒருபோதும் பணமுட்டு நேர்ந்திராது!

ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன்னர் இத்துணை நுட்பமாகக் கூட்டம் நடத்தினர் என்பது நமக்குப் பெருமையே. எனினும் அவ்வூர் வயலிற் சேறு மிதித்தோர்க்கும், வீட்டுப் பெண்டிர்க்கும் அவ்விதிகளில் இடமில்லை.

நிற்க. மதுரை நகரத்திற்கு வருவோம். 1840-ஐ யொட்டிய ஆண்டுகளிற் கலெக்டர் பிளாக்பர்ன், நகரின் நெருக்கமும் அகழியின் தேங்குநீரால் விளைந்த கேடும் கண்டு, கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கத் துணிந்தார். அக்காலத்து நகரசபையென ஒன்றில்லை, துணிந்தவர் அவரே. ஆயினும் குடிகளின் கை கூடாமல் அத்துணைப் பெரிய மதில் வீழுமோ? மதிலைத் தகர்த்து அகழியைச் சமன்செய்வோர்க்கு அவ்விடத்திலேயே மனைநிலம் என்று அறிவிக்கவே, மக்கள் முன்வந்தனர். மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அவ்வேலையில் ஈடுபட்டோர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. விளக்குத்தூணும் அக்கலெக்டரின் நினைவாக எழுந்ததே. இதனைக் கலந்தாலோசனை யென்பதா, பேரம் என்பதா? பேரம் என்றே நாம் கொள்கின்றோம்.

1866-இல் முனிசிபாலிடி ஏற்பட்டது. முதலில் அங்கத்தினர் சர்க்காரால் நியமிக்கப்பெற்றனர்; தேர்தல் வந்தபின்னும் நெடுங்காலம் வரி செலுத்துவோர்க்கே வாக்குரிமை யிருந்தது. மானூர்ச் சபையின் பங்குரிமை, வரி ரசீது என்னும் வேறு வேடம் பூண்டது என்னலாம்.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, வாக்காளர் பட்டியலிற் பெயருள்ளார் அனைவரும் கிராமசபையார் ஆயினர். ஆயின் சட்டம் வேறு, ஊர் வேறு. உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டவுடன், அங்கே பத்தாண்டு தேர்தல் நிலைபெறவில்லை. நிற்க முன்வந்தோர் அச்சுறுத்தப்பட்டனர். வென்றோரும் பதவி விலக நேர்ந்தது. 2006 அக்டோபரிலேயே அத்தடை நீங்கிற்று. 2021 அக்டோபர் 2-இல் பாப்பாபட்டிக் கிராமசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்தமர்ந்தார். சாதிச்சங்கம் ஒன்றின் ஏட்டில் இதை எழுதுவது சிலர்க்குக் கசக்கலாம்; கசப்பினும் சரித்திரம் சரித்திரமே.

நகரத்தார்க்கு இத்தகைய சபை 2022-இலேதான் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் வார்டுகளின் பகுதிசபைகள் முதன்முதலாகக் கூடின. மதுரை மாநகராட்சியின் நூறு வார்டுகளில் நம் சமூகத்தார் குடியிருக்கும் தெருக்கள் பல உள. பங்கோ, வேதமோ, வரி ரசீதோ அங்கே கேட்பாரில்லை. குடிநீரைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் ஆணும் பெண்ணும் எழுந்து பேசலாம். நம் சங்கத்துப் பொதுக்கூட்டத்திலோ, மாதர் பின்வரிசையிலிருந்து கேட்டுச் செல்வதே இன்றளவும் வழக்கமாயிருக்கின்றது.