அப்பா வாங்கிய டி.வி.யும் நான் சொல்லிவந்த தவறும்



திருச்செந்தூர் பக்கம் எங்கள் பழைய வீட்டில் தரையில் உட்கார்ந்து டி.வி. பார்த்தவர்கள் உங்களில் பலர். நான்கு கால் வைத்த மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடும் கதவு, நினைவிருக்கிறதா? இருபது வருடத்துக்கு மேலாக அது மச்சில் கிடந்தது. போன மாதம் பேரன் அதை இறக்கச் சொல்லி, "தாத்தா, இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டான். பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டது. எனக்கும் நினைவில்லை.

தூத்துக்குடியிலிருந்து எழுபது வயது மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். உள்ளே எட்டிப் பார்த்த பேரனை அவர் முதலில் தள்ளி நிறுத்தினார். பிக்சர் டியூபுக்குப் போவது 15,000 வோல்ட் அளவு மின்சாரமாம். செட்டை அணைத்த பிறகும் டியூபில் அது தங்கி நிற்குமாம்.

பின்மூடிக்குள் கண்ணாடி வால்வுகள் வரிசையாக இருந்தன. பி.எல். 504, பி.சி.எல். 82, பி.ஒய். 88 என்று எண்கள். முதல் எழுத்தான 'பி', அந்த வால்வின் இழையில் 300 மில்லியாம்பியர் மின்னோட்டம் செல்லும் என்பதற்கு அடையாளம். இழைகள் எல்லாம் ஒரே சரமாக இணைந்திருக்கும். கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி, ஒன்று போனால் அத்தனையும் அணைந்துவிடும். வால்வுகளோடு டிரான்சிஸ்டர்களும் இருந்தன. "ரெண்டும் கலந்த செட், எழுபதுகளில் வந்தது" என்றார். மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த சர்க்யூட் தாளில் கம்பெனியின் பெயரும் கிடைத்தது. சென்னையில் தயாரான டயனோரா.

அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: "மாம்பலம், 3-5-78, ஆன்டெனா மாட்டியது."

எனக்குத் திக்கென்றது. அப்பா இதை வாங்கியது 1982 தீபாவளிக்கு. "மெட்ராஸிலிருந்து புதுசா வரவழைச்சேன்" என்றுதான் ஊரெல்லாம் சொன்னார். வகுப்பில் நானும் அப்படியே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் 1982? டெல்லியில் 15-9-1959 அன்றும், சென்னையில் 15-8-1975 அன்றும் தொலைக்காட்சி தொடங்கியது என்று பாடத்தில் சொல்லித் தந்தேன். ஆனால் சென்னை ஒளிபரப்பு எங்கள் ஊரை எட்டவில்லை. கொடைக்கானல் கோபுரமும் அப்போது வரவில்லை. எங்களுக்குத் தொலைக்காட்சி கடல் தாண்டித்தான் வந்தது. 15-2-1982 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்நாட்டின் மிக உயரமான பீதுருதலாகலை மலையில் அதன் கோபுரம். நடுவில் கடல்தான், மறைக்க மலை கிடையாது. அதனால்தான் நம் தெரு ஆன்டெனாக்கள் எல்லாம் தென்கிழக்கே பார்த்து நின்றன. சிங்களம் புரியாமலே படம் பார்த்தோம். தமிழ் நிகழ்ச்சி வந்தால் தெருவே கூடிவிடும்.

அதே 1982 ஆகஸ்டில் இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது. மாம்பலத்தில் யாரோ கலர் செட்டுக்கு மாறியிருப்பார்கள், பழையது அப்பா கைக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "அப்பா போன பிறகு அவர் சொன்னதைப் பொய்யாக்கணுமாடா?" என்று அழுதுவிட்டாள். இரண்டு நாள் எனக்கும் மனசு சரியில்லை. பிறகு யோசித்தேன். சின்னப் பலசரக்குக் கடை வைத்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். புது செட் வாங்க வசதி ஏது? பழையதை வாங்கினாலும் தனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ளாமல் தெருவுக்கே திறந்து வைத்தார். இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்ப இதையும் சேர்த்து எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

மெக்கானிக் பழுதான கண்டென்சர்களை மாற்றினார். சீரிஸ் பல்ப் போட்டு மெதுவாகக் கரண்ட் கொடுத்தார். அந்தக் கால ஒளிபரப்பு இப்போது இல்லாததால், செட்டாப் பாக்ஸை ஒரு மாடுலேட்டர் வழியாக இணைத்தோம். வால்வுகள் சிவந்து, ஒரு நிமிடம் போல ஆகி, திரை வெளுத்துப் படம் வந்தது. பேரன் கைதட்டினான். நான் அப்பா உட்காரும் இடத்தைப் பார்த்தேன்.

பென்சில் வரியை அழிக்கவில்லை. அதன் கீழே "1982, திருச்செந்தூர்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சான்றைப் பார்த்துப் பேசு என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவன், என் வீட்டுக் கதையைச் சரிபார்க்காமல் விட்டேன். உங்கள் வீட்டிலும் பழைய ரேடியோ, டி.வி., போஸ்ட் ஆபீஸ் லைசென்ஸ் புத்தகம் ஏதாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்