தகப்பனின் கைகள்



2016-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு புதிய உருவப்படம் திறந்துவைக்கப்பட்டது. ரெம்பிராண்டின் 346 ஓவியங்களைக் கணினி ஆராய்ந்து, அவர் பாணியிலேயே அம்முகத்தை உருவாக்கியிருந்தது. எண்ணெய் வர்ணத்தின் மேடுபள்ளங்களும் முப்பரிமாண அச்சில் 13 அடுக்குகளாக எழுப்பப்பட்டிருந்தன.

அந்த ஓவியரின் வாழ்வைச் சற்றே எண்ணிப்பாருங்கள். மனைவி சாஸ்கியா ஈன்ற நான்கு பிள்ளைகளில் மூவரைச் சிசுப்பருவத்திலேயே அடக்கம்பண்ணினார். 1642-இல் சாஸ்கியாவும் மரித்தார். 1656-இல் கடனால் நொடித்துப்போனார். 1668-இல், எஞ்சியிருந்த மகன் தீத்துவும் மரித்தான். மறு ஆண்டில் ரெம்பிராண்டும் கண்மூடினார்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் தீட்டிய ‘கெட்ட குமாரனின் திரும்புதல்’ இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் தகப்பன், முழங்காற்படியிட்ட மகனின் முதுகின்மேல் தன் இரு கைகளையும் வைத்திருக்கிறான். மகனின் தேய்ந்த பாதரட்சை ஒன்று கழன்று கிடக்கிறது.

தூரிகையின் தடத்தை இயந்திரம் கற்றுக்கொண்டது. பிள்ளைகளைப் புதைத்த தகப்பனின் ஏக்கம் அதற்கு இல்லை. ஜெபத்தையும் ஆறுதல் மடலையும் கணினியே எழுதித்தரும் காலம் இது. ஆயினும் பிரியமானவர்களே, துக்கவீட்டிற்கு நீங்களே செல்லுங்கள். சொற்கள் கிடைக்காவிடினும், அழுகிறவரின் தோளின்மேல் உங்கள் கைகளை வையுங்கள்.