ஒன்பது புத்தகங்கள், ஐந்து மாணவர்கள், ஒரு வழக்கு

இன்றைய எபிசோடில் அமெரிக்காவில் ஒரு ஸ்கூல் லைப்ரரியில் நடந்த சண்டையைப் பற்றிப் பேசப்போகிறேன். புத்தகத் தடை என்றதும் போலீஸ், பறிமுதல், நடுத்தெருவில் கொளுத்துவது, இதெல்லாம்தானே ஞாபகம் வரும்? இந்தக் கதையில் அப்படி எதுவும் இல்லைங்க. நேற்று ஷெல்ஃபில் இருந்த புத்தகம் இன்றைக்கு இல்லை. அவ்வளவுதான். அதனாலேயே இந்தக் கதையை எடுத்தேன்.

வருடம் 1975. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஐலண்ட் ட்ரீஸ் என்று ஒரு பள்ளி மாவட்டம். அங்கே பள்ளிகளை நடத்துவது ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம். செப்டம்பர் மாதம் அந்த வாரியத்தைச் சேர்ந்த மூன்று பேர், பழமைவாதப் பெற்றோர் அமைப்பு ஒன்றின் மாநாட்டுக்குப் போனார்கள். பள்ளியில் வைக்கத் தகாத புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் அங்கே அவர்கள் கைக்கு வந்தது. கூடவே அந்தப் புத்தகங்களிலிருந்து பொறுக்கி எடுத்த சில வரிகளும்.

நவம்பரில் ஒரு ராத்திரி, வாரியத் தலைவர் ரிச்சர்ட் அஹ்ரென்ஸும் துணைத் தலைவர் ஃப்ராங்க் மார்ட்டினும் அந்தப் பட்டியலோடு ஹைஸ்கூல் லைப்ரரிக்குள் போனார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். கார்டுகளைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். ஒன்பது தலைப்புகள் கிடைத்தன. ஜூனியர் ஹைஸ்கூல் லைப்ரரியில் ஒன்று, 12ஆம் வகுப்பு இலக்கியப் பாடத்தில் ஒன்று. மொத்தம் 11.

என்னென்ன புத்தகங்கள் தெரியுமா? கர்ட் வானகட்டின் போர் எதிர்ப்பு நாவல் ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’. ரிச்சர்ட் ரைட்டின் தன்வரலாறு ‘பிளாக் பாய்’. லாங்ஸ்டன் ஹ்யூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர்களின் சிறுகதைகள். பெர்னார்ட் மலமூட்டின் ‘தி ஃபிக்ஸர்’. இந்த 11இல் இரண்டு புலிட்சர் பரிசு வாங்கியவை. நான்கு புத்தகங்கள் கறுப்பின எழுத்தாளர்கள் எழுதியவை அல்லது தொகுத்தவை.

1976 பிப்ரவரியில் வாரியம் உத்தரவு போட்டது: இவற்றை எடுத்து எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நாங்கள் படித்துப் பார்க்கிறோம். மாவட்டக் கல்வி அதிகாரி மறுத்துச் சொன்னார்: புத்தகத்தைப் பற்றிப் புகார் வந்தால் என்ன செய்வது என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு நடைமுறை இருக்கிறது, அதன்படி போகலாமே? யார் கேட்டார்கள்! விஷயம் பத்திரிகைக்குப் போனதும் வாரியம் ஓர் அறிக்கை விட்டது. இந்தப் புத்தகங்கள் அமெரிக்காவுக்கு எதிரானவை, கிறிஸ்தவத்துக்கு எதிரானவை, யூதர்களுக்கு எதிரானவை, ஆபாசமானவை என்றது. இத்தனைக்கும் ‘தி ஃபிக்ஸர்’ எழுதியவர் ஒரு யூதர். யூத வெறுப்பால் பொய்ப் பழி சுமத்தப்பட்டுச் சிறையில் வாடும் ஒருவனின் கதை அது!

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அமெரிக்காவுக்கு எதிரானது என்கிறீர்களே, ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று பின்னால் வழக்கு விசாரணையில் கேட்டார்கள். அஹ்ரென்ஸும் மார்ட்டினும் காட்டியது ஆலிஸ் சில்ட்ரெஸின் நாவலை. ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார் என்று அதில் வருகிறதாம். ஆனால் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தது வரலாறு. அது உண்மையா பொய்யா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. பிள்ளைகள் கண்ணில் அது படக்கூடாது, அவ்வளவுதான்.

பிறகு நான்கு பெற்றோர், நான்கு பள்ளிப் பணியாளர்கள் என்று எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை வாரியமே நியமித்தது. ஐந்து புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம், இரண்டை எடுத்துவிடலாம் என்றது குழு. மற்ற சிலவற்றில் ஒருமித்த முடிவு வரவில்லை. வாரியமோ ஒன்றை மட்டும் தாராளமாகவும் இன்னொன்றைப் பெற்றோர் அனுமதியோடும் திருப்பி வைத்துவிட்டு, மீதி ஒன்பதையும் நீக்கியது. ஏன் என்று குழுவுக்குக் காரணம்கூடச் சொல்லவில்லை.

1977 ஜனவரியில் ஐந்து மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். முதல் பெயர் ஸ்டீவன் பிகோ, வயது 17. வழக்கு ஐந்து வருடம் இழுத்து, உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982 ஜூன் 25 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

நீதிபதி பிரென்னன் எழுதியதன் சாரம் இது. வகுப்பில் என்ன பாடம் நடத்துவது என்பதில் வாரியத்துக்கு நிறைய அதிகாரம் உண்டு. லைப்ரரி வேற மாதிரி. அங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, பிடித்ததை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். ஆபாசம் என்றோ கல்விக்குப் பொருந்தாதது என்றோ ஒரு புத்தகத்தை எடுக்கலாம். அதில் இருக்கும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக எடுக்கக் கூடாது. அதாவது, எந்தப் புத்தகத்தை எடுத்தீர்கள் என்பதோடு கேள்வி முடிவதில்லை. ஏன் எடுத்தீர்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாகணும். தலைமை நீதிபதி பர்கர் கேட்டது இதுதான்: ஊர் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் எடுக்க வேண்டிய முடிவில் நீதிபதிகளுக்கு என்ன வேலை? அந்தப் புத்தகங்கள் கடையில் கிடைக்கின்றன, பொது நூலகத்தில் கிடைக்கின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் வாங்கக் காசு இல்லாத, வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளைக்கு ஸ்கூல் லைப்ரரிதானே ஒரே கதவு? பர்கரின் வாதத்தில் அந்தப் பிள்ளையை நான் காணவில்லை.

அப்போ ஜெயிச்சாச்சா? முழுசா இல்லை. பிரென்னனின் கருத்துக்கு ஐந்து நீதிபதிகளின் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஐந்தாமவரான வைட், வாரியத்தின் நோக்கம் என்ன என்று முதலில் கீழ்க் கோர்ட் விசாரிக்கட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த விசாரணை நடக்கவே இல்லை. ஆகஸ்டில் வாரியம் புத்தகங்களைத் திருப்பி வைக்க ஒப்புக்கொண்டது. அதுவும் எப்படி? யாராவது எடுத்துப் படித்தால் அவர்கள் வீட்டுக்கு நூலகர் தகவல் சொல்ல வேண்டுமாம்!

அந்தத் தீர்ப்பில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஷெல்ஃபில் ஏற்கெனவே இருக்கும் புத்தகத்தை எடுப்பதைப் பற்றி மட்டும்தான் அது பேசுகிறது. வாங்காமலேயே விட்டுவிட்டால்? அதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஒரு முறை இப்படிச் சண்டை வந்த ஊரில் அடுத்த வருட ஆர்டர் லிஸ்டைப் போடும் நூலகரை நினைத்துப் பாருங்கள். நமக்கெதுக்கு வம்பு என்று ஒரு தலைப்பை விட்டுவிட்டால் அது யாருக்குமே தெரியாது. வழக்குப் போடவும் ஆள் இருக்காது.

சண்டை இன்னும் ஓயவில்லை. டெக்சாஸின் லானோ கவுன்டி பொது நூலகத்திலிருந்து 17 புத்தகங்களை நீக்கியது பற்றி ஒரு வழக்கு. பொது நூலகத்தில் என்ன புத்தகம் வைப்பது என்பது அரசின் விருப்பம், வாசகர்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியாது என்று 2025 மே மாதம் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பத்து நீதிபதிகள் ஒரு பக்கம், ஏழு பேர் மறுபக்கம். பிகோ வழக்கில் பெரும்பான்மை கிடைக்காமல் போனதன் விலை இது.

எங்கேயாவது ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், நான் இப்போதெல்லாம் மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கிறேன். எடுக்கச் சொன்னவர் முழுசாகப் படித்தாரா, இல்லை பொறுக்கி எடுத்த வரிகளை மட்டும் பார்த்தாரா? ஏற்கெனவே இருந்த நடைமுறைப்படி நடந்ததா? காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா? ஐலண்ட் ட்ரீஸில் அந்த ஐந்து பேர் சண்டை போட்டது இதற்காகத்தான். உங்கள் ஸ்கூல், காலேஜ் லைப்ரரியில் இப்படி ஏதாவது நடந்தால் நீங்களும் இதையே கேட்டுப் பாருங்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.